ஓடும் வண்டிக்கே இடம்

"ஆரம்பிச்சாச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்ரிநாராயணன் சமையலறை ஜன்னலை அடித்துச் சாத்தினார். காலை ஆறேகால். கீழே பார்க்கிங்கில் வாலாம்பாள் மாமியின் பழைய கார் இருமி, குலுங்கி, உறுமத் தொடங்கியிருந்தது. இனி பத்து நிமிஷத்துக்கு நிற்காது.

எங்கேயும் போகாத வண்டி அது. காலையில் ஸ்டார்ட் செய்து சூடேற்றுவார்கள், அணைப்பார்கள், அவ்வளவுதான் அவர் கண்டது.

மாடுங்காவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு இருந்ததே ஏழு பார்க்கிங் இடம். ஓடுகிற வண்டிக்குத்தான் இடம் என்பது சொசைட்டி விதி. ஓடாத வண்டியின் இடம், காத்திருக்கும் பட்டியலில் முதல் ஆளுக்குப் போய்விடும். அந்த முதல் ஆளாக பத்ரிநாராயணன் நான்கு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய புதுக் கார் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ரோட்டோரத்தில் அநாதையாக நின்றது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை டோயிங்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அந்த வண்டி என்றால் அவருக்கு உயிர். அதன் இரண்டு சாவியையும் பீரோவில் வைத்துப் பூட்டி, பீரோ சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருந்தார்.

மாமிக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆகி, கிளட்சை மிதிக்க வலு இல்லை. பிள்ளை கனடாவில். அப்படியென்றால் எவனோ ஒரு மெக்கானிக் தினமும் வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகிறான். இடத்தை விடாமல் பிடித்து வைக்க இப்படி ஒரு நாடகம். நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். பாதிப் படியில் சத்தம் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் காரில் ஆளில்லை. பானெட் மட்டும் தோசைக்கல்லாகச் சுட்டது.

மாடிப்படி அருகே அவர் மனைவி வந்தனா பால் பாக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"யாராவது கேட்டைத் தாண்டிப் போனாளா?"

"ஒருத்தரும் வெளியில போகலையேன்னா."

"உன்னைப் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்லணும்" என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் பால் பாக்கெட்டோடு படியேறினாள்.

அதே வேகத்தில் செகரட்டரி சந்திரமௌலியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். "ஸ்டார்ட் ஆறது வேற, ஓடறது வேற, மௌலி. நின்ன இடத்துல பத்து நிமிஷம் உறுமினா அது வண்டியா, ஜெனரேட்டரா? கேட்டைத் தாண்டி, கிங்ஸ் சர்க்கிளை ஒரு சுத்து சுத்திட்டு வரச் சொல்லுங்கோ. முடியலைன்னா இடத்தைக் காலி பண்ணட்டும்."

"யாராவது டிரைவரை வெச்சு ஓட்டிக் காட்டிடுவாளே சார்."

"வெளியாள் கூடவே கூடாது. இந்தக் கட்டடத்துல குடியிருக்கறவாதான் ஓட்டணும். அதையும் நோட்டீஸ்ல போடுங்கோ."

சந்திரமௌலி போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சோதனை. நோட்டீஸைப் படித்துவிட்டு மாமி "ஆகட்டும்" என்றாளாம். அவள் சண்டைக்கு வராததும் பத்ரிநாராயணனுக்குப் பிடிக்கவில்லை.

தன்னைத் தவிர அந்தக் கட்டடத்தில் கார் ஓட்டுகிறவர்கள் பதினோரு பேர் என்பது அவர் கணக்கு. ஒருத்தரையும் விடாமல் வீடு வீடாகப் போய், மாமிக்காக ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று வாக்கு வாங்கினார். சனிக்கிழமை ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை மழை விட்டுவிட்டுப் பெய்தது. "வந்தனா, போய் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிண்டு வா. இடம் நம்மளுதுன்னு ஆனதும் எல்லாருக்கும் கொடுக்கணும்" என்றார். அவள் "சரின்னா" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் சாவகாசமாக ஷேவ் செய்து, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

இறங்கும்போதே அந்தப் பாழாய்ப்போன உறுமல் காதில் விழுந்தது.

கார் நின்ற இடத்திலேயே புகைவிட்டுக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் குடை பிடித்து வரிசையாக நின்றார்கள். மாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம். மழையில நனைஞ்ச வண்டி, நன்னா சூடாகட்டும்" என்றாள். மூடிய கண்ணாடிகளில் உள்ளே வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. டிரைவர் சீட்டில் யாரோ இருப்பது நிழலாகத் தெரிந்தது.

பத்ரிநாராயணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் அது, மௌலி?"

"லைசென்ஸ் பார்த்தாச்சு சார்" என்றார் சந்திரமௌலி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஆறு வருஷத்து லைசென்ஸ். ஆளும் இந்தக் கட்டடம்தான். நீங்க சொன்ன விதிப்படி எல்லாம் சரியா இருக்கு."

வாக்குக் கொடுத்துவிட்டு எவனோ முதுகில் குத்திவிட்டான். இரண்டாம் மாடி கிட்டுவாகத்தான் இருக்கும், அன்றைக்கே மென்று விழுங்கினான். நான்கு வருஷக் காத்திருப்பு கண் முன்னால் கைநழுவிப் போவது பொறுக்காமல் பத்ரிநாராயணன் மழையில் நனைந்துகொண்டே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"எந்த ஃபிளாட் நீ? தைரியம் இருந்தா முகத்தைக் காட்டிப் பேசு."

கண்ணாடி மெல்ல இறங்கியது.

"நம்ம ஃபிளாட்தான்னா. சித்த தள்ளி நில்லுங்கோ, ரிவர்ஸ் எடுக்கணும்."