மத்தி இன்னும் வரவில்லை

"போற ஊர்ல வாயை மூடிக்கிட்டு நிக்காதடா..." என்று தொடங்கி மாமா இன்னும் ஏதோ சொன்னார். பஸ் கிளம்பிய இரைச்சலில் மீதி டெர்லிஸின் காதில் விழவில்லை. பராகுவேயிலிருந்து ஸ்பெயினுக்குப் படிக்க வந்தவன், அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினான்.

அதையும் முதல் சனிக்கிழமையே கோட்டை விட்டான்.

அவன் படிக்க வந்த சாந்தாந்தேர் நகரத்து மீன் சந்தையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்று அரட்டை அடிப்பார்கள். புதிதாக வருகிறவர் "யாரு கடைசி?" என்று கேட்க வேண்டும். கை தூக்குகிறவருக்கு அடுத்தது அவர் முறை. இது தெரியாமல் டெர்லிஸ் பேசாமல் நின்றான். ஊரே மீன் வாங்கிக்கொண்டு போனது. அவன் மீனுக்குப் பதிலாக முட்டை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினான்.

இப்போது அப்படியில்லை.

"யாரு கடைசி?"

"நான்தான், கடல் இல்லாத ஊர்ப் பையா!"

கையைத் தூக்கியவர் பெரியவர் அபிலியோ. சனிக்கிழமை தவறாமல் வருவார். வழவழவென்று சவரம் செய்து, கோட்டு மாட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நிற்பார்.

"நிஜமாவே உங்க நாட்டுல கடல் கிடையாதா?"

"இல்ல ஐயா. பெரிய ஆறு இருக்கு."

"அப்ப கோபம் வந்தா எங்க போய் நிப்பீங்க?"

"ஆத்தங்கரையிலதான்."

"ஆறு அதைக் கொண்டுபோய் அடுத்த ஊர்ல விட்டுடுமேடா! அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அபிலியோவின் முறை வந்தது. மீன்காரி நியெவெஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க மத்தி இன்னும் வரல ஐயா. வண்டி வந்துக்கிட்டே இருக்கு."

"சரி, நிக்கிறேன். வேற என்ன செய்ய?"

டெர்லிஸ் எட்டிப் பார்த்தான். ஐஸ் மேல் மத்தி குவியலாக மின்னிக்கொண்டு கிடந்தது. போன வாரமும் இதே கதைதான். சந்தேகமாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டான்.

"அடுத்து நீயா ராஜா?"

"ஐயா வாங்கட்டும். அப்புறம் நான்."

நியெவெஸ் தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்து நின்ற குடைக்காரப் பெண்மணியைப் பார்த்தாள். அந்தம்மா மத்தி கேட்டாள். நியெவெஸ் அதே குவியலிலிருந்து அள்ளிப் போட்டாள்!

டெர்லிஸுக்கு அந்த முதல் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. மாமாவின் பாதி வாக்கியமும்தான்.

"அக்கா, மத்தி அங்கதானே குவிஞ்சு கிடக்கு? அவருக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் கொடுக்கிறீங்க! தனி ஆளு, நாலு மீன் வாங்குறவருன்னா எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்க வைக்கலாமா?"

சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நியெவெஸின் முகம் சிவந்தது. அபிலியோவின் முகம் அதைவிட.

"ஆமா... இருக்கே. நான் கவனிக்கல" என்றார் அவர்.

நியெவெஸ் நாலு மத்தியைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் தொப்பியைத் தொட்டு எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

யாராவது ஒரு சபாஷ் சொல்வார்கள் என்று டெர்லிஸ் எதிர்பார்த்தான்.

"இப்ப திருப்தியா ராஜா?" என்றாள் நியெவெஸ்.

"நியாயத்தைத்தானே அக்கா கேட்டேன்?"

"அவர் சம்சாரம் போனதுலேருந்து வீட்டுல ரேடியோ மட்டும்தான் பேசுது. அவரு மனுஷங்களோட வாயாடுறது இங்க நிக்கிற நேரத்துலதான். மீனைக் கொடுத்துட்டா கிளம்பணுமே! சும்மா நிக்கிறேன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். அதான் மத்தி வரலைன்னு நான் சொல்றேன். இங்க நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்."

"அவருக்கு... அந்தக் குவியல் கண்ணுல படாதா?"

"ஆயுசு பூரா மத்திப் படகுல போனவருடா அவர்! வாசனையிலயே சொல்லுவார்." நியெவெஸ் கையைத் துடைத்தாள். "இனிமே எந்த முகத்தோட வருவாரோ."

அன்று சாயங்காலம் டெர்லிஸ் மாமாவுக்குப் போன் போட்டான். "பஸ் ஏத்தி விடும்போது என்னமோ சொன்னீங்களே மாமா, வாயை மூடிக்கிட்டு நிக்காதன்னு. அதுக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?"

"யாருக்குடா ஞாபகம்? பையைப் பத்திரமா வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன்."

அந்த வாரம் முழுக்கப் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் ஓரமாக நின்றான். வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் கண் வாசலிலேயே இருந்தது. கடைசியில், வெகு நேரம் கழித்து, கோட்டும் தொப்பியுமாக அபிலியோ வந்தார். குரல்தான் இறங்கியிருந்தது.

"யாரு கடைசி?"

"நான்தான் ஐயா!" டெர்லிஸ் கையைத் தூக்கினான்.

நியெவெஸ் நிமிர்ந்தாள். "உனக்கு என்ன?"

"மத்திதான் அக்கா." அவன் ஐஸ் மேல் கிடந்த குவியலை நன்றாகப் பார்த்தான். "ஆனா இன்னும் வரல போலிருக்கே?"

நியெவெஸும் குவியலைப் பார்த்தாள்.

"வரல ராஜா. வண்டி வந்துக்கிட்டே இருக்கு."

"என்னடா இது, வாராவாரம் இதே அநியாயமா இருக்கு!" என்றார் அபிலியோ, பழைய குரலில்.

வண்டி வரும்வரை தானும் நிற்பதாகச் சொல்லிவிட்டு, டெர்லிஸ் அப்போதுதான் வந்த குடைக்காரப் பெண்மணிக்கு வழிவிட்டான்.