தள்ளிவைத்த அப்டேட்

அம்பு தானாக நகர்ந்தது.

அவள் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் அவளுடைய மேசைமேல் இருக்கும் திரையில், ஹாம்பர்கில் இருக்கும் மகனின் கை நடமாடிக்கொண்டிருந்தது.

உண்மையில் கை வருவதில்லை. அவன் அங்கே மவுசை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்தினான் என்கிற கணக்கு மட்டும்தான் வருகிறது. படம் போவது இங்கிருந்து. அதுவும் முழுப் படம் இல்லை. திரையில் எந்தத் துண்டு மாறியதோ அந்தத் துண்டு மட்டும். எதுவும் மாறாவிட்டால் எதுவும் போகாது.

பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருந்தது.

பிடிக்காதது ஒன்றுதான். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஞாயிறு மதியம் அவன் இரண்டு கணினிகளைப் பார்ப்பான். முதலில் அம்மாவுடையது. பிறகு தென்காசியில் தனியாக இருக்கும் தன் மாமியார் கோமதியுடையது. வேண்டாததை அழிப்பான், போட்டோக்களை அடுக்குவான். இரண்டு வீட்டிலும் ஒரே வேலை.

தென்காசியில் மட்டும், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் பாதியில் விழுந்துவிடும். அவன் போன் செய்வான். கோமதி மறுபடி அதைத் திறந்து, திரையில் காட்டும் எண்ணை வாசிக்க வேண்டும். திறக்கும்வரை பேச்சு. மழை உண்டா, என்ன குழம்பு, முழங்கால் எப்படி. மறுபடி விழும். மறுபடி பேச்சு.

போன மாதம் மருமகள்தான் சொன்னாள், அவர் எங்கம்மாவோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினார் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒன்றரை மணி நேரம்.

தென்காசிக்காரிக்கு.

அதன்பிறகு வாயில் வைத்த எதுவும் அவளுக்கு ருசிக்கவில்லை.

ஏன் அங்கே மட்டும் அப்படி என்று மகனிடம் கேட்டாள், பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல. அவன் பொறுமையாக விளக்கினான். ரிமோட் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். கீழே இருக்கும் இயங்குதளம் பழையதாகவே கிடந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மேலே இருப்பது புது முறையில் திரையைக் கேட்கும். கீழே இருப்பதற்குக் கேள்வியே விளங்காது. பதிலுக்குக் காத்து நின்று, நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். இயங்குதளத்துக்கு அப்டேட் போட்டால் தீர்ந்தது. அத்தை கம்ப்யூட்டரில்தான் அது ஏற மாட்டேன் என்கிறது.

அம்மாவுடைய கம்ப்யூட்டர் தங்கம் என்றும் சொன்னான்.

அப்டேட் வந்த அன்றைக்கே போட்டுவிடுகிறவள் அவள். தங்கம் என்றதும் பொசுக்கென்று போனது.

அடுத்த அறிவிப்பு வந்தபோது தள்ளிவைத்தாள். திரும்ப வந்தது. திரும்பத் தள்ளிவைத்தாள்.

இன்றைக்குப் பலித்தது.

அம்பு போட்டோக்களுக்கு நடுவில் அப்படியே நின்றது. ரிமோட் பெட்டி வெளிறி, மறைந்தது. போன் அடித்தது.

"என்னம்மா, ஒனக்குமா?"

அவள் குரலை வருத்தமாக வைத்துக்கொண்டாள். நிதானமாகத் திறந்தாள். எண்ணை வாசிக்கையில் நடுவில் ஒன்றை மாற்றி வாசித்தாள். அதற்குள் அவன் பால்கனியில் வைத்த கறிவேப்பிலை குளிரில் பட்டுப்போனதைச் சொல்லிவிட்டான். கோமதிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி விழுந்தது. கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடி தீர்ந்துபோன கதை வந்தது.

அடுத்த தடவை அம்பு போட்டோக்கள் பக்கம் போகவில்லை. நேராக அமைப்புகளுக்குள் நுழைந்து அப்டேட் பக்கத்தைத் திறந்தது.

பயனர் தள்ளிவைத்துள்ளார் என்று அங்கே இருந்தது.

அந்த வீட்டில் பயனர் ஒருத்திதான்.

அம்பு அந்த வரியின் மேல் நின்றது. திரையில் எதுவும் மாறவில்லை. எதுவும் மாறாதபோது எதுவும் போகாது.

ஆனாலும் போகவேண்டியது போய்ச் சேர்ந்திருந்தது.



"அத்தையும் இதத்தாம்மா பண்ணுதாங்க."

அவளுக்குக் காது சுட்டது. மாட்டிக்கொண்டதற்காக இல்லை. தனக்கு முன்பே கோமதிக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போதே நிறுவு என்கிற பொத்தான் நீலமாக இருந்தது. அம்பு அதை நோக்கி இறங்கியது. அவள் மடியில் இருந்த கையை இறுக்கிக்கொண்டாள்.

அம்பு நீலத்தைத் தாண்டிப் போய், பக்கத்தில் இருந்ததை அழுத்தியது.

மேலும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவளும் சரி என்றாள்.

தென்காசியில் எத்தனை வாரம் தள்ளிவைத்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது.