பின்சீட்டு பிரேக்

மனிதகுல வரலாற்றிலேயே மகளை முழுமையாக நம்பிய முதல் தகப்பன் தான்தான் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அறிவித்தார்.

அன்று மகளுக்கு வயது பத்தொன்பது. அவளுடைய லைசென்ஸுக்கு வயது இரண்டு வாரம். கேக் வெட்டிய கையோடு சாவியை நீட்டினார்.

"ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு. ஒழுங்கா ஓட்டினா, நாளையிலேருந்து காலேஜுக்கு நீ தனியாவே ஓட்டிட்டுப் போ."

மகளுக்குப் பக்கத்தில் மாஸ்டர், பின்சீட்டில் அம்மா. எதிரே லாரி வரும்போதெல்லாம் அம்மாவின் கால் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்ல தாயே! எதுக்கு வண்டியில ஓட்டை போடுற?"

"கால் தானா போகுதுங்க."

"பெத்த புள்ளையை நம்பாத கால்! என்னைப் பாரு, அசையாம உக்காந்திருக்கேன்."

வண்டி சிக்னலில் பூப்போல நின்றது. வேகத்தடைக்கு முன்பே பதமாகத் தணிந்தது. குறுக்கே போன நாய்கூட அவசரப்படவில்லை.

"என் பொண்ணு பிரேக் போடற அழகைப் பாத்தியா? ஒரு குலுங்கல் இல்ல! டெஸ்ட்ல பாஸ்!"

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, நான் இன்னும் ஒரு தடவைகூட பிரேக்கைத் தொடலை. இது உங்க ஸ்கூல் வண்டி. உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. காலை எடுங்க."

பின்சீட்டில் அம்மா பலமாகக் கனைத்தாள்.

"எடுத்துட்டேன்டா கண்ணு" என்றார் மாஸ்டர்.

வெகுதூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. மாஸ்டர் சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றினார். வெறுங்காலை மெதுவாகக் கொண்டுபோய் மறுபடியும் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டார்.