சிலுவை முத்தி

பெரிய வெள்ளி மாலை வெயில், தேங்காய்ப்பட்டணத்துக் கோயிலின் மேற்குச் சன்னல் வழியாக, தரையில் கிடத்தியிருக்கும் சிலுவையின் மேல் விழுகிறது. அதிலுள்ள இயேசு சொரூபத்தின் பாதத்தை முத்தி செய்ய, முத்தமிட, வரிசை நகர்கிறது. குளோரி மகள் லிஜாவின் முழங்கையை விடவேயில்லை. கோணிய முதுகெலும்பை விலா வழியாகத் துளையிட்டு நிமிர்த்திய அறுவைக்கு எட்டு மாதம் ஆகிறது; வலது விலாவில் தழும்புகள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. "குனியாண்டாம் மக்கா, கையால தொட்டு முத்தினா போரும்." பின்னால் நிற்கும் லிஜாவின் அப்பா மரியஜானுக்குப் பொறுக்கவில்லை. "விடுட்டி. கம்பி வச்சா குனிய முடியாதுன்னுதானே டாக்டர் முதுகெலும்புல கயிறு போட்டு இழுத்துக் கெட்டினாரு? கயிறு வளையும்." பாதி வாழ்நாளைக் கடலில் கயிற்றோடு கழித்தவர் சொல்கிறார், ஆனால் அவர் கையும் மகளின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி, தொடாமல் நிற்கிறது. லிஜா மண்டியிட்டுக் குனிகிறாள். சுடிதாருக்குள் முதுகு மெல்ல வளைகிறது. எல்லாரையும்போல் பாதத்தில் முத்தமிடுகிறாள். ஆனால் எழவில்லை. வரிசை நின்றுவிடுகிறது. "எழும்ப முடியலியா மக்கா?" குளோரி குனிந்து கேட்கிறாள். "முடியும்மா. இன்னும் ஒண்ணு கிடக்கு." லிஜா முழங்காலாலேயே நகர்ந்து, இன்னும் தாழக் குனிந்து, இயேசுவின் வலது விலாக் காயத்தில் உதடு வைக்கிறாள்.