அடித்த பெயர்

அவள் பட்டைத் தறியிலிருந்து அறுத்துத் திருப்பிப் போட்டாள்.

அவன் இரண்டு பெயர்களைப் பார்த்தான்.

ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டு. தலைப்பில் பொன்னிழை எழுத்து. சீனத்துத் துறைமுகத்தில், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத ஒருத்தி நெய்தது. எழுத்துகள் அச்சுப் பிசகாமல் இருந்தன.

சாத்தன், கூத்தன் நெடிது வாழ்க.

கூத்தன்மேல் குறுக்காக ஒரு கொடி ஓடியது. பச்சை இழை. அதற்கு இலைகள் வேறு.

நெய்யும்போது பட்டின் முகம் தரையைப் பார்த்திருக்கும். அறுத்துத் திருப்பும்வரை எதுவும் தெரியாது. தினமும் வந்து தறியருகே நின்றவனுக்கும் தெரியவில்லை.

தப்பு அவளுடையது அல்ல.

ஓலையில் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். ஊரில் எந்தக் கோயிலுக்கு எது கொடுத்தாலும் இரண்டு மகன்களின் பெயரும் சேர்ந்தே வரும். அந்தப் பழக்கத்தில் கை இரண்டையும் எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் நினைவு வந்தது. எழுத்தாணியால் சின்னவன் பெயரைக் குறுக்காக அடித்தான்.

வேறு ஓலை எடுத்திருக்கலாம். ஒரே ஒரு பெயரை மட்டும் புதிதாக எழுதும் தெம்பு அன்று இல்லை.

அவள் ஓலையில் கண்டதையெல்லாம் நெய்திருந்தாள். கயிறு கோக்கும் துளையைக்கூட விடவில்லை. இரண்டு பெயர்களுக்கும் நடுவே அது குட்டி நிலாவாக உட்கார்ந்திருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். கூத்தனும் சிரித்திருப்பான். எதற்கும் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

“பெரியவனக் கூட்டிட்டுப் போங்க. சின்னவன் என்கூட இருக்கட்டும்.”

புறப்படும்போது மனைவி சொன்னது அது. சின்னவன் அழுது அடம்பிடித்து, அண்ணனுக்குப் பதிலாகக் கப்பலேறினான்.

வழியில் காய்ச்சல். தீவுகளுக்கு நடுவே கடலில் இறக்கினார்கள்.

பட்டு வாங்கப் போகிற கப்பல். அதில் ஒரு முழம் பட்டு இல்லை. பழைய கப்பற்பாயில் சுற்றினார்கள்.

நாகப்பட்டினத்தில் இருக்கும் மனைவிக்கு இன்னும் தெரியாது.

அதற்காகத்தான் இந்தப் பட்டு. நாளைக்குப் புறப்படும் கப்பலில் இது முன்னே போகும். அவன் இங்கேயே தங்கி, அடுத்த பருவக்காற்றுக்கு மெதுவாகப் போவான். அம்மனுக்குச் சாத்தக் கொடுக்குமுன் அவள் விரித்துப் பார்ப்பாள். படிக்கத் தெரிந்தவள். இரண்டாவது பெயரைத் தேடுவாள். இருக்காது.

அவன் வாய் திறக்க வேண்டியிருக்காது.

கோழைத்தனம்தான். அது அவனுக்கும் தெரியும். சொல்ல வேண்டியதைத் தனியாக இருக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ‘நம்ம கூத்தன்’ என்பதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை.

மொழிபெயர்க்க உடன் வந்த வடுகன் அவன் முகத்தைப் பார்த்தான். நாகப்பட்டினத்துக்காரன், இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவன். ஏதோ சரியில்லை என்று புரிந்து நெசவுக்காரியிடம் விசாரித்தான்.

கோடு அவளுக்குக் கோடாகத் தெரியவில்லையாம். செல்லப் பிள்ளையின் பெயருக்குத் தகப்பன் போட்ட அலங்காரம் என்று நினைத்தாளாம். வெறும் தண்டாக இருக்கிறதே என்று இலைகளை அவளாகச் சேர்த்தாளாம்.

அது பெயரை அடித்த கோடு என்று வடுகன் அவளுக்கு விளக்கினான்.

அவள் ஓலையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். விரல் அந்தக் கோட்டின்மேல் நின்றது. முகம் சின்னதாகிப்போனது.

பிறகு பட்டைத் தடவிக் காட்டி மெல்லப் பேசினாள். பொன்னும் பச்சையும் மேலாகச் சேர்த்த இழைகள். தனித்தனியாக உருவலாம். பட்டுக்கு ஒன்றும் ஆகாது.

“பேர உருவட்டுமா, கொடிய உருவட்டுமான்னு கேக்குறா, செட்டியாரே.”

பெயரை உருவினால் அவன் கேட்ட பட்டு கிடைக்கும்.

அவள் ஊசியோடு காத்திருந்தாள்.

ஓலையில் ஒருமுறை அடித்தாயிற்று. அதே பெயரை இன்னொரு முறை அழிக்க அவனால் ஆகாது.

“கொடிய” என்றான்.

ஊசிமுனையால் நெம்பி இழையைப் பிடித்தாள். இலை இலையாகக் கொடி வெளியே வந்தது. அவசரப்படவில்லை.

கூத்தன் மிஞ்சினான்.

கொடி ஓடிய தடத்தில், எழுத்துகளின் இடுப்பில், மெல்லிய சிவப்பு இடைவெளி. உற்றுப் பார்த்தால் தெரியும். உற்றுப் பார்க்காவிட்டால் இரண்டு பிள்ளைகளும் வாழ்கிறார்கள்.

வாழ்க என்ற சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒருவனுக்கும் அதுதான், இருவருக்கும் அதுதான்.

வடுகன் பட்டை மடித்தான். காலையில் மாலுமி கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். வாசல்வரை போனவன் நின்று, கூத்தன் யார் என்று கேட்டான்.

அவன் எட்டிப் பட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

“என் சின்ன மகன். செத்துப்போயிட்டான்.”

சொல்லிவிட்டான்.

வடுகன் அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவள் தறியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

“நாளைக் கப்பல்ல எனக்கும் ஒரு எடம் கேளுப்பா” என்றான்.