மேலே போன மூன்று

கணக்கு டீச்சர் அமலோற்பவம் கணினியில் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தார். முதலில் பத்தை அடித்தார். பிறகு எழுத்தை மேலே ஏற்றும் பட்டனை அமுக்கிவிட்டு, பக்கத்திலேயே மூன்றை அடித்தார். மூன்று பொடிசாகி, பத்தின் தோளுக்கு மேலே போய் ஜம்மென்று உட்கார்ந்தது.

“என்னாலதான்டா நீ இப்போ ஆயிரம். இனிமே மரியாதையா அண்ணாந்து பார்த்துப் பேசு” என்றது மூன்று.

“சரிங்க. ஆனா மேலே போனதும் பாதியா இளைச்சுட்டீங்களே?” என்றது பத்து.

“வயித்தெரிச்சல்!” என்று மூன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டீச்சரோ அமுக்கிய பட்டனை விடுவிக்க மறந்து, மீதியை மடமடவென்று அடித்தார். ‘மீட்டர்’ மேலே வந்தது. ‘எத்தனை’, ‘கிலோமீட்டர்’ இரண்டும் பொடிசு பொடிசாக ஏறி வந்து, மூன்றை இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. கடைசியில் கேள்விக்குறியும் வந்து ஒட்டிக்கொண்டது.

“கண்டவனெல்லாம் ஏறி வர்ற இடமா இது?” என்று மூன்று எரிந்து விழுந்தது.

கேள்விக்குறி அதைக் காதிலேயே வாங்கவில்லை. கீழே எட்டிப் பார்த்து, வாயைப் பிளந்தது.

“அண்ணே, கீழே தனியா நிக்கிறாரே, அந்தப் பெரிய மனுஷர் யாரு?”