பொம்மைப் பாடம்

மாத்தறையில், வீடு வந்து பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமாதின் வெள்ளைச் சீலைக்கு அவ்வளவு மரியாதை. வாசலில் அதைக் கண்டதுமே கபில கதிரையைத் துடைத்துப் போட்டான்.

வந்தவள் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தாள். "முதல்ல பொம்மையில பழகு நங்கி. கழுத்தைத் தாங்கிப் பிடி."

கபிலவின் மனைவி துஷாரி பொம்மையைத் துணியில் சுற்றினாள்.

"தொட்டில்ல இருக்கிற மகனை நானே சுத்துறன். நீ கொடியில துணி எடு. தம்பி, எனக்குத் தேத்தண்ணி."

இருவரும் திரும்பியபோது தொட்டிலில் பொதி அசையாமல் கிடந்தது.

"தூங்குறான், ஒரு மணித்தியாலம் எழுப்பாதீங்க. பிறகும் பயமா இருந்தா நெஞ்சில கை வச்சுப் பாரு." தேநீரைத் தொடாமல், பையை மார்போடு அணைத்தபடி போய்விட்டாள்.

சற்றைக்கெல்லாம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இறங்கியவளும் வெள்ளைச் சீலைதான்.

"நான்தான் இந்தப் பக்கத்து மருத்துவமாது. பிள்ளை எங்க?"

"இப்பதானே இன்னொரு மிஸ்ஸி வந்து..." கபில தொட்டில் பக்கம் திரும்பினான்.

துஷாரி ஓடினாள். சொல்லித்தந்தபடியே துணிக்குள் கைவிட்டு நெஞ்சைத் தொட்டாள்.

பிளாஸ்டிக் சில்லென்றிருந்தது.